நாலரைக் கிலோமீட்டர் நடந்த ஊர்கள்

திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ‘குசுமா ஜெராக்ஸ்’ நடத்தும் பாகுபலி நயினாருக்கு உலகத்தில் எந்தக் காகிதத்துக்கும் ஓரம் தேவையில்லை என்பது கொள்கை. ஆதார் அட்டையோ, மதிப்பெண் பட்டியலோ, கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழோ, கைக்கு வந்ததும் முதல் வேலையாக நாலு பக்கமும் வெட்டுவார். அதற்கப்புறம்தான் லேமினேஷன். அப்படி வெட்டினால்தான் தாளுக்கு லட்சணம் வரும் என்பார். ஒருமுறை ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஓரமாக நின்றிருந்தார். படம் லேமினேஷன் ஆகி வந்தபோது அவருடைய இடது தோள் மட்டும் மிஞ்சியிருந்தது. சித்தப்பா கடைக்கே வந்து நியாயம் கேட்டார்.

“நீங்க நடுவுல நின்னிருக்கணுங்க” என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார் நயினார்.

செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். சொந்த ஊரில் இருக்கும் நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். நயினார் திண்டிவனத்துக்கு வந்து கடை போட்டு இருபது வருஷம் தாண்டிவிட்டது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். விளக்கு வைத்த பிறகு அந்த வாய் பேசுவதற்கு மட்டும்தான். பேசுவதிலும் அவருக்கு ஒரு விரதம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று மட்டும் சொல்ல மாட்டார். விழுப்புரம் வண்டி எத்தனை மணிக்கு என்றாலும் பதில் இருக்கும், அடுத்த மழை எப்போது என்றாலும் பதில் இருக்கும். வண்டி தாமதமாக வந்தால் அது ரயில்வேயின் தப்பு.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் பழைய வரைபடம் வந்து சேர்ந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அனுஷா ஒருநாள் போனில் அனுப்பினாள். நூறு வருஷத்துக்கும் முன்னால் வெள்ளைக்காரன் அளந்து, மைலுக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த நிலவரைபடம். வெளிநாட்டு நூலகம் ஒன்று அதை இணையத்தில் சும்மா போட்டு வைத்திருந்தது. “நம்ம ஊர் பக்கமெல்லாம் இதுல இருக்குப்பா, சும்மா பாருங்க” என்றாள். மகள் சொன்னதில் ‘சும்மா’ என்ற சொல்லை மட்டும் அப்பா கேட்கவில்லை.

முதலில் கடையையே மறந்துவிட்டுப் பார்த்தார். ஏரிகளெல்லாம் நீலமாக, கரை கறுப்புக் கோடாக இருந்தன. பனந்தோப்புக்குக் குட்டிக் குட்டிப் பனைமரம் போட்டிருந்தான். கிணற்றுக்கு நீல வட்டம், கோயிலுக்கு ஒரு கோபுரம், மாட்டு வண்டி போன பாதைக்கு விட்டு விட்டு இரட்டைக் கோடு. இப்போது பேருந்து நிலையம் இருக்கும் இடத்தில் வெறும் புளியந்தோப்பு. நயினார் அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்தார். அச்சடித்தபின் செய்ய வேண்டியதைச் செய்தார். நாலு மூலையிலும் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, நாலு ஓரத்தையும் சுத்தமாக வெட்டி, லேமினேஷன் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார்.

பிறகு ஒரு செயலியைப் பிடித்தார். அதில் பழைய படத்தை ஏற்றி, மூலை எண்களைக் கொடுத்தால், இன்றைக்கு நாம் நிற்கும் இடம் அந்தப் படத்தின் மேல் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். ஏற்றும்போதும் ஓரத்தை வெட்டித்தான் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு ஒலக்கூர்ப் பக்கம் கிளம்பிவிடுவார். புள்ளி நகர, அவர் நகர, நூறு வருஷம் கூடவே நகரும்.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. ஓர் ஊரின் நடுத்தெருவில் நின்று பார்த்தார். பழைய படத்தில் அந்த இடம் காலி நிலம். அதே பெயருள்ள ஊர் கிழக்கே, நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்தது. அடுத்த ஊருக்குப் போனார். அங்கேயும் அப்படியே. அதற்கடுத்த ஊரிலும் அதே கதை. வேறு யாராவது இருந்தால் படத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், இல்லையென்றால் போனைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். நயினார் ஊர்களைச் சந்தேகப்பட்டார். சந்தேகம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு ஞானம் வந்துவிட்டது.

“மொத்த ஜனமும் மேக்கால நகர்ந்து வந்திருக்குது, குசுமா. கடலுக்குப் பயந்துக்கினு. மரக்காணம் பக்கம் ஒரு பெரிய புயல் அடிச்சிருக்கும். ராத்திரியோட ராத்திரியா மூட்டையைக் கட்டிட்டாங்க.”

மனைவி குசுமா கடையில் பாதி நேரம் உட்காருகிறவள். ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்தபடியே கேட்டாள். “எல்லா ஊரும் ஒரே தூரமாவா நகரும்?”

“அப்பல்லாம் ஜனங்களுக்குக் கட்டுப்பாடு இருந்துச்சு.”

“ரயில் ரோடு?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பழைய படத்தில் ரயில் பாதையும் நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“ஜனங்க வந்துட்ட பொறவு வெள்ளக்காரன் காலி வயல்ல யாருக்கு ரயில் வுடுவான்? பேத்தெடுத்துக் கொண்டாந்து போட்டுட்டான்.”

குசுமா மூடிக்குள் கையை விட்டாள். மிஷினில் தாள் சிக்கியிருந்தது.

கொள்கை ஊருக்குள் பரவியது. தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வரும் கூட்டம் ஒன்று வண்டி வருவதற்கு முன்னால் அவர் கடையில் நின்று கேட்டுவிட்டுப் போகும். ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஒலக்கூர்ப் பக்கத்து ஊர்களில் நம்முடைய பாட்டன்மார் கடலோடு சண்டை போட்டவர்கள் என்ற புதுப் பெருமை முளைத்தது. ஒரு நகர்மன்ற ஆள், எங்கள் வார்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பதில் கிடைத்துத் திருப்தியோடு போனார்.

இளவரசி கடைக்கு வந்தது சித்திரை வெயிலில். ஒலக்கூருக்குக் கிழக்கே ஓர் ஊரில் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் நிலம் அவளுக்கு. அப்பா அவள் பெயரிலேயே எழுதிவைத்த நிலம். போர் வற்றி இரண்டு வருஷம் ஆகிறது. மானாவாரியில் போன வருஷம் விதைத்ததில் விதைக்குப் போட்டதுகூடத் திரும்பவில்லை. வீட்டுக்காரன் வல்லரசு நிலத்தை விற்றுவிட்டு மினி வேன் வாங்கலாம் என்கிறான். வாங்குவதற்கு மனைப்பிரிவுக்காரர் நெடுஞ்செழியன் தயாராக இருக்கிறார். அதற்காகத்தான் பட்டா, சிட்டா எல்லாம் நகல் எடுக்க வந்திருந்தாள்.

நயினார் பட்டாவைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டே ஊர்ப் பெயரைப் படித்தார். மிஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

“ஏம்மா, எந்தப் பக்கம் நெலம்? பெருமா கோயிலுக்கு வடக்கவா?”

“ஆமாங்க. தார் ரோட்டை ஒட்டி.”

“விக்காத.”

“இன்னாங்க?”

“உன் நெலத்துல ஒரு ஊரே இருந்திருக்குதும்மா. நடுவுல குடிதண்ணிக் கெணறு. இங்க பாரு, நீல வட்டம். ஜனங்க மேக்கால போம்போது தூத்துட்டுப் போயிருப்பாங்க. தோண்டினா ஊத்து அப்படியே இருக்கும்.”

இளவரசி அந்த நீல வட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். நகல்களை மடித்துப் பைக்குள் வைத்தவள், பதிவு அலுவலகத்துக்குப் போகாமல் ஊருக்குப் பேருந்து ஏறினாள். வீட்டில் பேச்சு நடந்தது. பேச்சின் முடிவில் ஒரு ஏற்பாடு. வைகாசி முடிவதற்குள் தண்ணீர் வந்தால் நிலம் இருக்கும். வராவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் அவள் கையெழுத்துப் போடவேண்டும். எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தாள். வல்லரசின் சிநேகிதன் ஒருவன் ஜேசிபி வைத்திருந்தான்.

நயினாரே நேரில் போய், நீலப் புள்ளி நீல வட்டத்தின் மேல் வந்து உட்காரும் இடத்தில் செருப்பால் ஒரு குறி போட்டார். அப்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும்.

“நீங்க வெட்டிக்கினு இருங்க. தண்ணி வந்தா ஃபோன் பண்ணுங்க” என்று வண்டியைக் கிளப்பினார். வந்தால் என்றுதான் சொன்னார், ஆனால் அந்தச் சொல்லில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை.

ஃபோன் வந்தது. “நயினாரே, ஆறடியில பாறைங்க.”

“பத்தடி கெழக்க தள்ளி வெட்டச் சொல்லும்மா. செருப்பு கொஞ்சம் நகந்திருக்கும்.”

மறுநாள் தள்ளி வெட்டினார்கள். அங்கேயும் பாறை. ஓட்டுச் சில்லு நாலைந்து கிடைத்தது. நயினார் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது போதாதா, ஊரு இருந்துச்சுன்னு சொல்ல?”

“அது போன பொங்கலுக்கு எங்க மாமியாரு போட்டு ஒடச்ச சட்டிங்க” என்றாள் இளவரசி. அவள் சிரிக்கவில்லை. கரையேற்றிப் போட்டிருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். வல்லரசு மட்டும் பக்கத்தில் நின்று மினி வேனின் நிறத்தை மனசுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தான்.

கிணறு வராததில் சந்தோஷப்பட்ட இன்னொருவர் நெடுஞ்செழியன். கிணறு அவருக்கு வேண்டாம், ஊர் போதும். வெள்ளைச் சட்டை கசங்காமல் வெயிலில் நிற்கக் கூடியவர் அவர். ஒருநாள் கடைக்கு வந்து நயினாருக்கு முன்னால் ஒரு வண்ணத் தாளை விரித்தார். ‘ஆதியூர் நகர். முன்னோர் வாழ்ந்த மண்ணில் உங்கள் மனை.’ மூலையில் பழைய வரைபடத்தின் துண்டு. அதன்மேல் கையில் உருப்பெருக்கியோடு நயினாரின் படம்.

“மனை போணியாவுற அன்னிக்கே உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வெச்சிடலாங்க நயினாரே. சால்வை, கேடயம், ‘ஊர் நகர்வு ஆய்வுச் செம்மல்’னு பட்டம். எல்லாம் நம்ம செலவு. நீங்க ஒரு அரை மணி நேரம் பேசுங்க.”

நயினார் தாளை ஒரு தடவை பார்த்தார். கண்ணில் பட்டது தன் படம்தான். இளவரசியின் நிலத்தில்தான் அந்த மனை வருகிறது என்பது இரண்டாவதாகத்தான் பட்டது. அது ஒரு முள்ளாகக் குத்தியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சால்வை கனமானது, முள் சிறியது.

அரை மணி நேரம் பேச விஷயம் வேண்டுமே. கடலுக்குப் பயந்த ஜனம் மேற்கே எதுவரை போயிற்று என்று பார்த்துவிட்டால் பேச்சு முழுமையாகிவிடும் என்று நினைத்தார். அனுஷாவிடம் சொல்லி அடுத்த தாளையும் வாங்கினார். வழக்கப்படி மூலை எண்களைக் குறித்துக்கொண்டு ஓரத்தை வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குசுமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பனமலைக்குக் கிளம்பினார். அவள் வருகிறேன் என்றதற்குக் காரணம் ஆராய்ச்சி இல்லை. மலைமேல் காற்று நன்றாக வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

படியேறி மேலே போனதும் காற்று வந்தது. தாளகிரீசுவரர் கோயிலின் மணற்கல் சுவர் வெயிலில் பழுத்திருந்தது. கீழே ஏரியில் அடிமட்டத் தண்ணீர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. குசுமா முந்தானையை விரித்து நிழலில் உட்கார்ந்தாள். நயினார் போனை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“இன்னாங்க, ஏன் பேச்சையே காணோம்?”

அவர் போனை நீட்டினார். நீலப் புள்ளி சமநிலத்தில் இருந்தது. சுற்றிலும் புளியமரங்களும் ஒரு வண்டிப்பாதையும். பனமலை, அதன் பழுப்பு வளைகோடுகளோடும் உச்சியில் குறித்த கோயிலோடும், கிழக்கே வயல்களுக்கு நடுவில் நின்றது. தூரத்தை அவர் அளக்கவில்லை. அளக்காமலே தெரிந்தது.

குசுமா படத்தைப் பார்த்தாள். காலுக்குக் கீழே இருந்த பாறையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“மலையும் கடலுக்குப் பயந்துக்கினு வந்துடுச்சாங்க?”

ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோயிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மலை நாலரைக் கிலோமீட்டர் நடந்தது என்பதற்கு நயினார் உண்மையிலேயே ஒரு பதிலைத் தேடினார். ரயில் பாதைக்குக் கிடைத்த மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று இரண்டு நிமிஷம் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக இளவரசியின் இரண்டு குழிகள் வந்தன.

“புதன்கெழமை பத்திரப் பதிவு” என்றார்.

“யாருக்கு?”

“அந்தப் பொண்ணுக்கு. நான் குறி போட்ட எடத்துல தண்ணி வரலன்னுதானே கையெழுத்துப் போடப்போறா. குறியே தப்புன்னா அவ வாக்கும் தப்பாயிடுதே.”

குசுமா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “அப்ப ஜல்தியா எறங்குங்க. காத்து அப்பறம் வாங்கிக்கலாம்.”

கடைக்கு வந்து கணினியில் அனுஷா அனுப்பிய மூலப் படத்தைத் திறந்தார், வெட்டாததை. நாலு ஓரமும் அப்படியே இருந்தன. கீழ் ஓரத்தில், சித்தப்பாவைப் போல ஒதுங்கி நின்ற சின்ன எழுத்தில், இந்தத் தாளின் தீர்க்கரேகைகளில் இரண்டு நிமிடம் இருபத்தேழு விநாடியைக் கழித்துக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் கிழக்கு மேற்கை எல்லாம் மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து அளந்து வந்தார்கள். மெட்ராஸ் இருக்கும் இடத்தையே கொஞ்சம் கிழக்கே தள்ளிக் கணக்குப் போட்டிருந்தது பிறகு தெரிய வந்தது. அச்சடித்த தாள்களையெல்லாம் தூக்கியெறிய மனமில்லாமல், ஓரத்தில் இந்த வரியைச் சேர்த்துவிட்டார்கள். நயினார் அதைப் படித்துச் சொன்னார்.

“எல்லாப் பேஜாரும் மெட்ராஸ்ல இருந்துதான் வருது” என்றாள் குசுமா. மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள், அவ்வளவுதான்.

எண்களைத் திருத்திப் படத்தை மறுபடி ஏற்றினார். ஊர்களெல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. ரயில் பாதை தண்டவாளத்தின்மேல் வந்து படுத்துக்கொண்டது. பனமலை, பனமலையில் உட்கார்ந்தது. பிறகு படத்திலேயே விரலை நகர்த்தி இளவரசியின் நிலத்துக்குப் போனார். ஊர் இல்லை, கிணறு இல்லை. நகக்கண் அளவுக்கு ஒரு நீலத் திட்டு, அதன் கிழக்குப் புறம் வளைந்த கறுப்புக் கோடு. சின்ன ஏரி. அந்தப் பக்கத்தில் தாங்கல் என்பார்கள். மழைத்தண்ணீரைத் தாங்கி வைக்கக் கரை போட்ட குட்டி ஏரி. எந்தக் காலத்திலோ கரையை வெட்டி உள்ளே நிரவி உழுது நிலமாக்கிவிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. ஷட்டரில் ‘இன்று விடுமுறை’ என்று ஒட்டியிருந்த தாள், இந்தத் தடவை, ஓரத்தோடு இருந்தது. நயினார் வெயில் ஏறும் முன்பே நிலத்தில் இருந்தார். இளவரசியும் வல்லரசும் குழியோரம் நின்றிருந்தார்கள்.

“ஊரு எங்கயும் நகரலம்மா” என்றார் பீடிகை இல்லாமல். “எது எது எங்க இருந்துச்சோ அங்கயே இருக்குது. நான்தான் மேப்பைத் தள்ளி வெச்சிட்டேன்.”

“அப்ப அந்தக் கெணறு?”

“அது மேக்க, நாலரைக் கிலோமீட்டர் தள்ளி, அந்த ஊர்லயே இருக்குது. மாரியம்மன் கோயில் பக்கத்துல. மோட்டார் போட்டு எறச்சிக்கினு இருக்காங்க. வரும்போது அதுல மூஞ்சி கழுவிட்டுத்தான் வர்றேன்.”

“நல்லா இருக்குதுங்களா கெணறு?”

அவள் கேட்ட விதத்தில் வேறு யாராக இருந்தாலும் வண்டியைத் திருப்பியிருப்பார்கள். “ஜோரா இருக்குது” என்று சொல்லிவிட்டு நயினார் போனை அவள் பக்கம் திருப்பினார். “ஆனா உன் நெலத்துல இருந்தது கெணறு இல்ல. தாங்கல். இந்தக் கறுப்புக் கோடு கரை. கரைக்கு நடுவுல உள்பக்கம்தான் ஆழம். அதாவது, இந்த வடகெழக்கு மூலை.”

“அந்த மூலையா?” வல்லரசு சிரித்துவிட்டான். “அங்க மல்லாட்டை போட்டா காயே வராதுங்க. ஐப்பசி மழைக்கு நின்ன தண்ணி தை வரைக்கும் வத்தாது. வேரெல்லாம் அழுவிப்பூடும். பீடை புடிச்ச மூலைன்னு மாமனாரே வுட்டுட்டாரு.”

சொல்லி முடித்ததும் அவனுக்கே ஏதோ பட்டது. இளவரசி அவனைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் அந்த மூலையைப் பார்த்தார்கள். ஒரு வரைபடமும் இல்லாமல் வருஷா வருஷம் அது சொல்லிக்கொண்டிருந்ததை யாருமே கேட்டிருக்கவில்லை.

“ரெண்டு குழி வெட்டியாச்சு நயினாரே. ஜேசிபிக்காரன் மறுபடி வண்டியை வுடணுமே” என்றான் வல்லரசு.

“டீசல் என்னுது. வரச் சொல்லு. நாளைக்கே வெட்டிடலாம்.”

“வரலன்னா?” என்றாள் இளவரசி.

நயினாருக்குப் பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். “வரலன்னா நீ கையெழுத்துப் போடு. ஆனா சரியான எடத்துல வெட்டிப் பாத்துட்டுப் போடு.”

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் ஜேசிபி வந்தது. நாலடியில் சாம்பல் நிறக் களிமண். ஏரி அடியில் இருக்கும் அதே வழுவழுப்பு. எட்டடி போயும் பாறை தட்டவில்லை. வெயில் சாய ஆரம்பித்தது. நயினார் வண்டிச் சாவியைத் தொடவே இல்லை. குசுமா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் டிபன் பாத்திரத்தோடு. “நின்னுக்கினே சாப்பிடுங்க. பொழுது இருக்குது” என்று வரப்பிலேயே திறந்து கொடுத்தாள். ஒரு கையில் புளிசாதத்தோடு அவர் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெடுஞ்செழியனின் கார் தார் ரோட்டில் வந்து நின்றது. மறுநாள் பதிவுக்கு நேரம் சொல்லிவிட்டுப் போக வந்தவர், நடந்ததைக் கேட்டுவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அப்ப முன்னோர் வாழ்ந்த மண்ணு?”

“வாழலிங்க. இது ஏரி. மீன் வாழ்ந்திருக்கும்” என்றார் நயினார் வாயில் சோற்றோடு.

“நீர்நிலைன்னு மேப்புலயே போட்டிருக்குதா?”

“நல்லா நீலமாவே போட்டிருக்குது. வேணும்னா கலர்ல எடுத்துத் தர்றேன்.”

நெடுஞ்செழியன் பதறிப்போய்க் கையை ஆட்டினார். நீர்நிலையில் மனை போட்டவர்கள் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் அலைவதை அவர் பக்கத்திலிருந்தே பார்த்தவர். “நயினாரே, நீங்க முன்ன சொன்ன கதையே நல்லா இருந்துச்சு. அதுக்கு நோட்டீசெல்லாம் அடிச்சாச்சு. சால்வைகூட வாங்கியாச்சு.”

“அதைவிட இது பெரிய கண்டுபுடிப்புங்க” என்றார் நயினார். குரலில் துளி இறக்கம் இல்லை. “நூறு வருஷமா ஒரு ஊரும், ஒரு ரயில் ரோடும், ஒரு மலையும் இம்மி நகரல. எந்த ஜில்லாவுலங்க இப்படிப்பட்ட ஜனம் இருக்குது? இதுக்கு ஒரு மணி நேரம் பேசலாம்.”

நெடுஞ்செழியன் பேச்சுக்கு நாள் குறிக்கவில்லை. வல்லரசுக்கு வேறு கவலை வந்துவிட்டது. “நயினாரே, ஏரின்னு சொல்றீங்களே, கவருமெண்ட்டு வந்து புடுங்கிக்குமா?”

“அம்பது வருஷமா எங்கப்பா பேருல பட்டா இருந்துச்சு, இப்ப என் பேருல இருக்குது. யாரு வந்து புடுங்குவாங்க?” என்றாள் இளவரசி.

எல்லாரும் நயினாரைப் பார்த்தார்கள்.

“அது எனக்குத் தெரியாது. ஒரு நல்ல வக்கீலாப் பாத்துக் கேளுங்க” என்றார் அவர்.

குசுமா டிபன் மூடியைக் கீழே போட்டுவிட்டாள். போட்ட மூடியை எடுக்கக் குனிந்தபோதுதான் ஜேசிபி ஓட்டுகிறவன் இயந்திரத்தை நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் குழிக்குள்ளிருந்து வேறொரு சத்தம், சலசலப்புகூட இல்லை, ஈர மண் சரிகிற மெல்லிய சத்தம். களிமண்ணுக்கு அடியில் வெள்ளை மணல் தெரிந்தது. மணலின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கசிந்து, அடியில் ஒரு கைக்குழி அளவுக்குத் தேங்கிக்கொண்டிருந்தது.

இளவரசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்சரிவில் இறங்கினாள். வல்லரசு “பாத்துடி” என்றான். அவள் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிக் கலங்கல் படிய விட்டாள். குடித்துப் பார்த்தாள். மரக்காணம் பக்கம் சில கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது என்ற பயம் அவளுக்கு இருந்தது. இன்னொரு வாய் குடித்தாள்.

“நல்ல தண்ணி” என்றாள். மேலே நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஈரத்திலேயே நின்றாள்.

மேலே ஏறி வந்ததும் நேராக நெடுஞ்செழியனிடம் போனாள். “நாளைக்கு நான் வரலிங்க. வாக்கு குடுத்தது தண்ணி வரலன்னாத்தான். வந்துடுச்சு.”

“ஏரியில எனக்கு இன்னாம்மா வேல” என்றார் அவர். உண்மையில் அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

“மினி வேனு?” என்று வல்லரசு யாரிடமும் இல்லாமல் கேட்டான்.

“மோட்டார் வாங்கணும். அப்பறம் பாக்கலாம். மேட்டுல கேப்பை போடலாம், மூலையில நெல்லு” என்று சொன்னபடியே இளவரசி தார் ரோட்டோரம் போனாள். அங்கே, பேச்சு முடிவதற்கு முன்பே நெடுஞ்செழியன் ஆசையாக நட்டுவைத்திருந்த மஞ்சள் வர்ணம் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன. முதல் கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். ஈரமில்லாத மண், கல் அசையவில்லை. வல்லரசு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து மறுபக்கம் பிடித்தான். கல் பெயர்ந்து வந்தது.

இரண்டாவது கல்லும் வந்தது. மூன்றாவதற்கு நெடுஞ்செழியனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கைகொடுத்தார். கல் அவருடையது. காரின் டிக்கியைத் திறந்துவைத்து, அடியில் நோட்டீசுக் கட்டுகளைப் பரப்பி, வர்ணம் உரியாமல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டார்.